'பணி கிட்டி' என்றால் வாழ்த்து சொல்லாதீங்க: வாளையாரைத் தாண்டியதும் பொருள் மாறும் ஒரு சொல்

கொச்சியிலோ கஞ்சிக்கோட்டிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கூட வேலை பார்க்கும் மலையாளி நண்பர் ஒருவர் எழுதுகிறார்: "பணி கிட்டி". நீங்கள் தமிழ்க் கண்ணால் படிக்கிறீர்கள். பணி என்றால் வேலை. கிட்டியது என்றால் கிடைத்தது. ஆளுக்கு வேற கம்பெனியில் வேலை கிடைச்சிருச்சு போல!

நான் இப்படித்தான் ஒருமுறை "வாழ்த்துகள், ட்ரீட் எப்போ?" என்று கேக் படத்தோடு பதில் போட்டேன். அவர் அன்றைக்கு மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த தேர்தல் தரவு ஷீட்டின் மேலேயே பழைய ஷீட்டை சேவ் செய்திருந்தார். "பணி கிட்டி" என்றால் "மாட்டிக்கிட்டேன்", "ஆப்பு வாங்கிட்டேன்" என்று பொருள். என் கேக் படத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

மலையாளத்தில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் சொல் இது. தமிழிலும் இருக்கிறது, எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றேதான். அதனால்தான் சிக்கல். தெரியாத சொல்லாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரிந்த சொல் என்று நினைத்தால் கேட்கவே மாட்டோம்.

இது யாருக்கெல்லாம் தேவை?

2011 கணக்கெடுப்பின்படி கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் ஏறக்குறைய 1.5 சதவீதம். பெரும் பகுதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வாளையார் கணவாயை ஒட்டிய பாலக்காடு, சிற்றூர் பக்கம். இன்னொன்று, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என்று நீளும் இடுக்கி மலைகள். 1956-க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேயிலைத் தோட்டத் தமிழர்கள் கேரளாவுக்குள் நின்றார்கள்.

இவர்கள் போக, தினமும் எல்லை தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள், கோவையிலிருந்து ரயிலில் பாலக்காடு போய் வருகிற ஊழியர்கள், ஐஐடி பாலக்காட்டில் படிக்க வந்தவர்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத இடம் தருகிறது. சட்டம் மனுவுக்கு உதவும். மேஸ்திரி, நர்ஸ், நகைக்கடைக்காரர், ஆபீஸ் மேனேஜர் ஆகியோரிடம் பேசும்போது நாம்தான் பார்த்துக்கொள்ளணும்.

முதலில் நேர்ப் பொருள்: உடலுழைப்பு

மலையாளத்தில் பணி என்றால் முதல் பொருள் வேலை. ஆனால் எல்லா வேலையும் இல்லை. கையும் காலும் அசைந்து செய்கிற வேலை. கூலிப்பணி, மரப்பணி, கல்பணி என்று சொன்னால் தமிழருக்கும் விளங்கிவிடும். சாலையோரத்தில் "பணி நடக்குன்னு" என்று போர்டு இருந்தால் வேலை நடக்கிறது, பார்த்துப் போங்கள். "அற்றகுற்றப்பணி" என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், குற்றம் ஏதும் நடக்கவில்லை. பராமரிப்பு, பழுதுபார்ப்பு என்று பொருள். கரண்ட் கட், ரயில் தாமதம், தண்ணீர் சப்ளை நிறுத்தம் எல்லாவற்றுக்கும் காரணமாக இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

வினைச்சொல்லாக வரும்போது இன்னொரு திருப்பம். தமிழில் பணிந்தான் என்றால் வணங்கினான், அடங்கினான். மலையாளத்தில் "பணிது" என்றால் கட்டினான். "வீடு பணிது" என்றால் வீட்டைக் கட்டி முடித்துவிட்டார்கள். இது நமக்கு முழுக்க அந்நியமும் இல்லை. கோயில் கோபுரத்தைப் புதுப்பிப்பதை நாம் திருப்பணி என்கிறோமே, அந்தப் பணி இதேதான். அங்கே வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரே சொல்லாக நின்றுவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். "வீடுபணி" என்றால் வீடு கட்டுவது. "வீட்டுபணி" என்றால் பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது. நடுவில் ஒரு 'ட்' அழுத்தம்தான் வித்தியாசம். கட்டட வேலைக்கு ஆள் தேடி, வீட்டு வேலைக்கு ஆள் வந்து நின்றால் குற்றம் உங்கள் உச்சரிப்பில்.

1973-இல் கே.எஸ்.சேதுமாதவன் இயக்கத்தில் 'பணிதீராத்த வீடு' என்ற மலையாளப் படம் வந்தது. பெயருக்குப் பொருள், கட்டி முடியாத வீடு. அதற்கு இசையமைத்தவர் நம்ம எம்.எஸ்.விஸ்வநாதன். அவர் பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில். இரண்டு மொழிப் பணியும் தெரிந்த ஊர்க்காரர்.

வேலை எப்போது வில்லங்கம் ஆனது?

பேச்சு மலையாளத்தில் பணி பெரும்பாலும் தொல்லை என்ற பொருளில்தான் காதில் விழும், முக்கியமாக நம் வயதுக்காரர்களிடம். எப்படி மாறியிருக்கும் என்று என் ஊகம்: "குறச்சு பணியாணு" என்றால் "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று பொருள். வேலை அதிகம் என்பது கஷ்டம் ஆகி, கஷ்டம் வில்லங்கம் ஆகியிருக்க வேண்டும். எப்படியோ, இப்போது அதற்கென்றே தனிக் குடும்பம் உண்டு. ஒவ்வொன்றிலும் கூட வரும் வினைச்சொல்லைக் கவனியுங்கள், பொருளை முடிவு செய்வது அதுதான்.

"பணி கிட்டி" என்றால் வில்லங்கம் தானாக வந்து சேர்ந்தது. "பணி கொடுத்து" என்றால் ஒருவர் திட்டமிட்டு இன்னொருவரை மாட்டிவிட்டார். நாம் "வச்சு செஞ்சுட்டாங்க" என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். "சோதிச்சு வாங்ஙிய பணி" என்றால் நாமே வலியப் போய் வாங்கிக்கொண்ட ஆப்பு. இதில் 'சோதிச்சு' என்பது சோதனை இல்லை, 'கேட்டு' என்று பொருள். இப்படி ஒரு சொல்லுக்குள் இன்னொரு பொறி இருக்கும்.

"பணி பாளி" என்றால் போட்ட திட்டம் சொதப்பிடுச்சு. நடிகர் நீரஜ் மாதவ் 2020-இல் இந்தப் பெயரிலேயே ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். கேரளாவுக்கு வெளியேயும் பலர் இந்தத் தொடரை முதலில் கேட்டது அதில்தான். சிக்கல் பெரிசு என்றால் "எட்டின்டெ பணி". எட்டு எதற்கு என்று கேட்காதீர்கள், நாம் "தரமான சம்பவம்" என்று சொல்வது மாதிரி ஒரு அளவு. 2024-இல் ஜோஜு ஜார்ஜ் முதல்முறையாக இயக்கிய படத்துக்கு வெறுமனே 'பணி' என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் படம் வந்தால் நேர்மையான அரசு அதிகாரி கதை என்று நினைப்போம். அது திருச்சூரில் நடக்கும் பழிவாங்கல் படம்.

பொருள்களும் பணி தரும். "போன் பணி தன்னு" என்றால் போன் தகராறு செய்கிறது. வயிறு சரியில்லாமல் போவதையும் இப்படிச் சொல்லலாம். தமிழில் "வயிறு வேலையைக் காட்டுது" என்கிறோம் இல்லையா, அதே எண்ணம்.

"போய் பணி நோக்கு" என்று யாராவது சொன்னால் வேலைக்குப் போகச் சொல்லவில்லை. "உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ" என்று விரட்டுகிறார். நண்பர்களுக்குள் சிரிப்பு. மேனேஜரிடம் சொன்னால் அதுவே பணி. கூடவே ஓர் எச்சரிக்கை: ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்ட கொச்சைப் பொருளிலும் இந்தச் சொல்லை, முக்கியமாக அதன் வினை வடிவத்தை, சிலர் பயன்படுத்துவார்கள். பழகாத இடத்தில் நீங்களாக ஜோக் முயற்சி செய்யாமல் இருப்பது நல்லது.

இடம் மாறி உட்கார்ந்த மூன்று சொற்கள்

தமிழில் பணி மரியாதையான சொல். இந்திய ஆட்சிப் பணி, அரசுப் பணியாளர் தேர்வாணையம், பணி நிரந்தரம், பணிக்கொடை. பேச்சில் யாரும் "நான் பணிக்குப் போறேன்" என்று சொல்வதில்லை. வேலைக்குத்தான் போகிறோம். பணி என்பது அரசாணையிலும் மேடையிலும் இருக்கும் சொல். மலையாளி காதில் 'இந்திய ஆட்சிப் பணி' எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே மரியாதைக்குரிய சொல் ஜோலி. "சர்க்கார் ஜோலி" என்பது கல்யாணச் சந்தையில் பெரிய தகுதி. "ஜோலி கிட்டி" என்றால் உண்மையிலேயே வேலை கிடைத்திருக்கிறது, இதற்குத்தான் கேக் படம் போடணும். ஆனால் தமிழில் ஜோலி எங்கே இருக்கிறது? "உன் சோலியைப் பாரு", "அவன் சோலி முடிஞ்சது". தேனி, மதுரை, நெல்லைப் பக்கம் சோலி என்றால் சாதாரண வேலை. ஆனால் "சோலி முடிஞ்சது" என்றால் ஆளே காலி. ஆக, நாம் பணியை உயரத்தில் வைத்து ஜோலியைக் கீழே இறக்கினோம். அவர்கள் ஜோலியை உயரத்தில் வைத்து பணியைக் கீழே இறக்கினார்கள். மேலே கீழே என்று நான் சொல்வது சொல்லின் மதிப்பை. அந்த உழைப்பின் மதிப்பைப் பற்றி இரண்டு சமூகமும் ஒரே மாதிரிதான் நினைக்கிறது போல. கொழுந்து பறிப்பது பணி, அதே எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஜோலி. இது கறாரான விதி இல்லை. ஆனாலும் புதிதாகச் சந்தித்தவரிடம் "எந்தா பணி?" என்று கேட்காதீர்கள். "எந்தா ஜோலி?" என்று கேளுங்கள்.

சரி, நம்ம 'வேலை' அங்கே என்ன ஆனது? பாலக்காட்டில் வேல என்றால் கோயில் திருவிழா. நெம்மாற - வல்லங்ஙி வேல யானை, செண்டை, வாணவேடிக்கையோடு மீன மாதம் 20-ஆம் தேதி, அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கும். இரண்டு ஊரும் போட்டி போட்டு வெடி வெடிக்கும். அந்தச் சமயத்தில் நீங்கள் "எனக்கு நாளைக்கு வேலை இருக்கு" என்றால், எதிரில் இருப்பவர் "நெம்மாறக்கா?" என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. திருவிழா தவிர, தந்திரம் என்ற பொருளும் உண்டு. "ஆ வேல கையிலிருக்கட்டே" என்றால் "இந்த வித்தையெல்லாம் என்கிட்ட வேண்டாம்". உழைப்பு என்ற பழைய பொருள் வேலக்காரி, கூலிவேல போன்ற சில சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பணம் சம்பந்தப்பட்ட இடம்: பணிக்கூலி

பாலக்காட்டில் இறங்கியதும் கண்ணில் படுவது நகைக்கடை விளம்பரம். "பணிக்கூலி இல்லா" என்றால் யாருக்கோ சம்பளம் தரவில்லை என்று பொருள் இல்லை. நாம் செய்கூலி என்பதை அவர்கள் பணிக்கூலி என்கிறார்கள். சேதாரத்துக்கு "பணிக்குறவு". நகை வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொன்றில் சேர்ப்பது எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

கட்டட வேலையில் இதே சொல் வேறு கணக்கு. "பணிக்கூலி மாத்ரம்" என்று காண்ட்ராக்டர் விலை சொன்னால் கூலி மட்டும், சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் உங்கள் செலவு.

பணிமுடக்கும் மூணாறும்

செய்தித் தலைப்பில் "தேசீய பணிமுடக்கு" என்று பார்த்தால் பொது வேலைநிறுத்தம். கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர்களுக்கு முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டிய சொல் இது. பஸ் வாளையாரோடு நின்றுவிடும். முடக்கு என்பதை நாம் கை கால் முடங்குவதற்குச் சொல்வோம். இங்கே வேலையே முடங்குகிறது. இதிலும் ஒரு விளையாட்டுப் பேச்சு இருக்கிறது: வாஷிங் மெஷின் ஓடவில்லை என்றால் "மெஷின் பணிமுடக்கி" என்பார்கள். மெஷின் ஸ்டிரைக் பண்ணுது.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை முடக்கினார்கள். கண்ணன் தேவன் தோட்டங்களில் 20 சதவீத போனஸ் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. நாள்கூலி அப்போது 232 ரூபாய், அதை 500 ஆக்கச் சொன்னார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு அவர்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் 20 சதவீதத்துக்கு உடன்பாடு வந்தது. கூலி பிறகு 301 ரூபாய் ஆனது.

அந்தப் பெண்களின் கூட்டத்துக்குப் பெயர் 'பொம்பிளை ஒருமை'. பொம்பிளை நம்ம பேச்சுத் தமிழ். ஆனால் ஒருமை? பள்ளித் தமிழில் ஒருமை என்றால் பன்மைக்கு எதிர்ப்பதம். ஒன்றுசேர்வதற்கு நாம் சொல்வது ஒற்றுமை. மலையாளத்தில் அதற்குச் சொல் ஒரும. தோட்டத் தமிழில் இரண்டும் கலந்து உருவான பெயர் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலையாளப் பத்திரிகைகளும் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே தலைப்பில் போட்டன. இரண்டு மொழிக்காரருக்கும் உடனே விளங்கிய பெயர்.

ஒரே ஓர் எழுத்து: பனி

இதுவரை மூன்று சுழி 'ண'. இனி இரண்டு சுழி 'ன'. தவறினால் விளைவு அதிகம் என்பதால் இதை நிதானமாகப் படியுங்கள்.

தமிழில் பனி என்றால் மூணாறில் ஜனவரியில் புல்லின் மேல் வெள்ளையாகப் படர்வது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மலையில் விழும் பனிக்கு அவர்கள் சொல்லும் பெயர் மஞ்ஞு. பழைய பொருள் அங்கே முற்றிலும் மறையவும் இல்லை. பனிநீர் என்றால் அங்கே பன்னீர். ஆனால் மற்ற எல்லா இடத்திலும் காய்ச்சல்தான். எலிப்பனி என்றால் எலிக்காய்ச்சல், டெங்கிப்பனி என்றால் டெங்கு, பக்ஷிப்பனி என்றால் பறவைக் காய்ச்சல். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் கற்பூரவல்லிக்கு அங்கே பெயர் பனிக்கூர்க்க, காய்ச்சலுக்குக் கொடுக்கும் இலை. மழைக்காலம் தொடங்கியதும் அரசு ஆஸ்பத்திரிகளில் "பனி கிளினிக்" திறப்பார்கள்.

ஏலக்காட்டில் வேலை செய்யும் ஒருவர் உடம்பு முடியாமல் இடுக்கியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். நர்ஸ் கேட்கிறார்: "பனியுண்டோ?" இவர் வெளியே மலையைப் பார்த்து "ஆமா, காலையிலிருந்து பனி" என்றாலும் சரி, "இப்ப பனி இல்ல, வெயில்தான்" என்றாலும் சரி, சீட்டில் தப்பாகத்தான் பதிவாகும். முதல் பதிலில் இல்லாத காய்ச்சல் ஏறும். இரண்டாவதில் இருக்கிற காய்ச்சல் காணாமல் போகும். எலிக்காய்ச்சல் மாதிரி சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டிய நோயில் இரண்டாவதுதான் ஆபத்து.

இவரே முந்திக்கொண்டு "காய்ச்சல்" என்று சொன்னாலும், வேகமாகச் சொன்னால் காச்சில் என்று விழலாம். மலையாளத்தில் காச்சில் ஒரு கிழங்கு, பெருவள்ளிக் கிழங்கு. மூணாறு, குமுளிப் பக்கம் வேலை செய்யும் பல நர்ஸ்களுக்குத் தமிழ் பழக்கம் என்பதால் சமாளித்துவிடுவார்கள். கோட்டயத்துக்கோ எர்ணாகுளத்துக்கோ அனுப்பிவிட்டால் அந்த உதவி இருக்காது. உடன் போகிறவர் "பனிக்குன்னு" (காய்ச்சலாக இருக்கிறது), "மூணு திவசமாயி" (மூன்று நாளாக) என்ற இரண்டு தொடரையாவது தெரிந்து வைத்திருந்தால் போதும்.

உச்சரிப்பில் என்ன செய்வது? நம்மில் பலர் பேச்சில் ண, ன இரண்டையும் ஒரே மாதிரி முடித்துவிடுகிறோம். மலையாளி காதுக்கு இரண்டும் வெவ்வேறு. 'ண' சொல்லும்போது நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடணும். 'ன'வுக்குப் பல்லுக்குச் சற்று மேலே தொட்டால் போதும்.

வாட்ஸ்அப்பில் அந்த உதவியும் கிடையாது. ஆங்கில எழுத்தில் மலையாளம் தட்டுகிறவர்கள் இரண்டையும் ஒரே நான்கு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். இந்தி தெரிந்தவர் குரூப்பில் இருந்தால் அதையே தண்ணீர் என்றும் படிப்பார். இங்கேயும் கை கொடுப்பது வினைச்சொல்தான். 'பிடிச்சு' வந்தால் காய்ச்சல் பிடித்திருக்கிறது. 'மாறி' வந்தால் காய்ச்சல் விட்டுவிட்டது. 'பாளி', 'கொடுத்து' வந்தால் வில்லங்கம். 'தீர்ந்நு' வந்தால் எடுத்த வேலை முடிந்தது. 'கிட்டி' வந்தால், சொன்னவர் கூலி வேலை தேடிக்கொண்டிருந்தவரா என்று ஒரு நொடி யோசியுங்கள். அவருக்கு உண்மையிலேயே இன்றைக்கு வேலை கிடைத்திருக்கலாம். ஆபீஸ் ஆள் என்றால் அனேகமாக ஆப்பு.

நீங்கள் மேனேஜருக்கு லீவ் மெசேஜ் எழுதும்போது அந்த நான்கு எழுத்தை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். "பனியாணு, இன்னு லீவ் வேணும்" என்று முழுசாக எழுதுங்கள். இல்லையென்றால், உடம்பு முடியாமல் படுத்திருக்கும் உங்களிடம் "எந்து பற்றி, ஆரா பணி தன்னது?" என்று திருப்பிக் கேட்பார். என்ன ஆச்சு, யார் ஆப்பு வைத்தது என்று.